தித்தித்த தண்ணீர்

"தண்ணி தித்திக்குதுங்க" என்றாள் சுநந்தா.

முற்றத்தில் உச்சி வெயில். சாப்பாட்டு இடைவேளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன், வியர்வை ஆறாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கூடத்துச் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவி, ஒரு வாய் தண்ணீரை உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருந்து, மெல்ல விழுங்கிவிட்டு அப்படிச் சொன்னாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"வெறும் வயித்துக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"இல்லீங்க. நேத்து இப்படி இல்ல. முந்தாநாளும் இல்ல."

"எச்சில் பட்டா தித்திக்கும். பாடத்துலயே இருக்குது."

"அது சோத்துக்குத்தானே? சோத்தை மென்னுக்கினே இருந்தா தித்திக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சோத்தைத் தொட்டே நாலு நாளாச்சு."

அவள் முகத்தில் அப்போது இருந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். கண்கள் உள்ளே போய், கன்ன எலும்பு தெரிந்த அந்த முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு உண்டான பயம், அதற்கு முன் நான் அறியாதது. அந்தத் தண்ணீர் ஏன் தித்தித்தது என்று எனக்குத் தெரியும். அதில் குளுக்கோஸைப் போட்டவன் நான்.

என் குடலுக்காக ஒரு நோன்பு

போன வாரம் இதே பத்தியில் என் டைபாய்டு காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் மனைவி அத்தனை நாள் என்ன செய்தார்கள், அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே" என்று கேட்டிருக்கிறார். ஒரு வரி எழுதினால் மிச்சத்தையும் எழுத வேண்டிவரும் என்றுதான் தவிர்த்தேன். இனித் தவிர்க்க முடியாது.

அறுபதுகளின் பின்பாதி. எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். நாங்கள் சமணர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எனக்கு அறிவியல் ஆசிரியர் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம் கூட ஆகவில்லை.

டைபாய்டு என்பது குடலைப் புண்ணாக்கும் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் வரும். அந்த நேரத்தில் கெட்டியான உணவு உள்ளே போனால் குடல் ஓட்டையாகிவிடும் என்ற பயம் அன்று டாக்டர்களுக்கே உண்டு. ஆகவே எனக்கு வாரக்கணக்கில் கஞ்சித் தெளிவும், ஆரோரூட் கூழும், குளுக்கோஸ் தண்ணீரும்தான். சுநந்தா அவற்றைக் காய்ச்சினாள், வடிகட்டினாள், ஆற்றினாள், ஊட்டினாள். தான் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் எனக்கு நினைவு தப்பியதாம். அன்று அவள் ஊர்க் கோயிலுக்கு ஓடி, வர்த்தமானர் சன்னதியில் நின்று, நான் எழுந்து நடமாடினால் ஆடி மாதத்து எட்டு நாள் நோன்பை முழு உபவாசமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் சமயத்தில் பகவானிடம் பேரம் கிடையாது என்று பண்டிதர்கள் சொல்வார்கள். வீட்டில் கணவன் பிழைப்பானா என்று தெரியாமல் நிற்கிற பெண்ணுக்கு அந்தப் பண்டிதம் எட்டாது.

நான் எழுந்தேன். நடமாடினேன். ஆடி வந்தது.

முழு உபவாசம் என்றால் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் மட்டும். அதுவும் பகலில்தான், சூரியன் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. காய்ச்சிய நீரை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தினமும் விடியலில் புதிதாகக் காய்ச்சி, துணியை நான்காக மடித்து வடிகட்டி, கூஜாவில் ஊற்றி மூடி வைக்க வேண்டும். "அந்த வேலையை நான் செய்யறேன்" என்றேன். எனக்காகத்தானே இருக்கிறாள், இதையாவது செய்வோமே என்று நினைத்தேன். அப்போது மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தவளையின் வயிறு

வயிறு என்றால் எனக்கு ஏன் அத்தனை பயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னையில் கல்லூரியில் விலங்கியல் எடுத்தபோது, அங்கே தவளையை அறுப்பார்கள் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. எறும்பு ஊரும் பாதையில் ஒதுங்கி நடக்கும் வீடு எங்களுடையது. இருட்டில் பூச்சி விழும் என்று விளக்கு வைக்கும் முன் சாப்பிட்டு முடிக்கும் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை கத்தி பிடித்தான்.

இரைப்பையைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். திறந்தேன். உள்ளே ஒரு வண்டு. முன்பாதி வண்டாகவே இருந்தது. இறக்கையின் பளபளப்பு கூடப் போகவில்லை. பின்பாதி இல்லை. அது கூழாக இருந்தது. எந்த இடத்தில் வண்டு முடிந்து கூழ் தொடங்குகிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வண்டைக் கரைக்கிற அந்த அமிலம் தவளையை ஏன் கரைப்பதில்லை என்று பேராசிரியரைக் கேட்டேன். உள்சுவரில் சளிப் படலம் இருப்பதால், என்றார். "உணவு வராமலே போனால்?" என்று கேட்டேன். "முதலில் ஈரலில் சேமித்த சர்க்கரை, பிறகு கொழுப்பு, பிறகு தசை. உடம்பு தன்னையே எடுத்துச் செலவழிக்கும்" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

அதைக் குறித்து வைத்துக்கொண்டு தேர்வில் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் சுநந்தா நோன்பு தொடங்கியதும் அந்த வரிசை மனதுக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. முதல் நாள் ஈரல் காலியாகியிருக்கும். இப்போது கொழுப்பு. காய்ச்சலில் என்னைப் பார்த்துக்கொண்டே இளைத்துப் போனவள், அவளிடம் கொழுப்பு எங்கே இருக்கிறது? அப்படியானால் இப்போதே தசையா?

வகுப்பில் அந்த வாரம் ஜீரண மண்டலம்தான் பாடம். பெரும்பாலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். சிறுகுடலின் நீளம் இருபது அடிக்கு மேல் என்றால் நம்ப மாட்டார்கள். காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலைத் தறிக்குக் கொண்டுபோகும்போது உருளையில் சுற்றி ஒரு முழத்துக்குள் அடக்கிவிடுகிறார்களே, அதைப் போல என்று சொன்னதும் புரிந்துகொண்டார்கள். குடலின் உள்சுவரில் துவாலையின் நூல் முனைகளைப் போல லட்சக்கணக்கில் உறிஞ்சிகள் இருக்கின்றன, கரைந்த உணவை ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்வது அவைதான் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன்.

"சாப்பாடே வரலன்னா அது இன்னா சார் பண்ணும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"காத்துக்கினு இருக்கும்" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஒரு கரண்டி

மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். தலை துவைக்கிற கல்லில் படாமல் ஒரு சாண் தள்ளி விழுந்தது. தூக்கும்போது கனமே இல்லை. கண் திறந்ததும், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, நிறுத்தச் சொல்லுவாங்க" என்பதுதான் அவள் முதல் பேச்சு.

அடுத்த நாள் விடியலில் தண்ணீர் காய்ச்சினேன். வடிகட்டினேன். அலமாரியில் என் காய்ச்சல் நாளில் வாங்கிய குளுக்கோஸ் டப்பா பாதி மீதி இருந்தது. ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். கலக்கினேன். நிறம் மாறவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். காலையில் காப்பி குடித்திருந்த என் நாக்குக்கு எதுவும் தெரியவில்லை.

எதையும் உண்ணாத ஒரு நாக்கு எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. படித்தவன் செய்த முட்டாள்தனம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளைக் கேட்காமல், அவள் பகவான் முன் ஏற்ற விரதத்தில் நான் கை வைத்தேன். உயிரைக் காப்பாற்றத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அந்த ஒன்றே போதும், அது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு.

வாசலில் செருப்புகள்

தண்ணீர் தித்திக்கிறது என்று அவள் சொன்ன அன்றே சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வேகவதி ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் வரிசையாகச் செருப்புகள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சுநந்தா உயிரோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தெருப் பெண்கள்.

பக்கத்து வீட்டில் இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, கையில் ஒரு டம்ளரோடு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"டேய், உம் பொண்டாட்டிக்குத் தண்ணி தித்திக்குதுன்னா நம்பலடா நான். நாக்கு செத்துப்போயிருக்கும்னு நெனச்சேன். இப்ப ஒரு முழுங்கு குடிச்சேன் பாரு, நெஜமாவே தித்திக்குதுடா!"

"அத்தை, உனக்கு சர்க்கரை வியாதி இருக்குது" என்றேன்.

"இது பகவான் குடுத்த தித்திப்பு. வியாதிக்கு ஒண்ணும் ஆவாது. நீ படிச்சவன், உனக்கு இதெல்லாம் தெரியாது."

ஒரு பெண் கைக்குழந்தையைச் சுநந்தாவின் காலடியில் கிடத்தினாள். சுநந்தா கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் என்னைப் பார்த்தபோது அவள் கண் பளபளத்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். அத்தனை பெண்கள் நடுவில் எப்படிச் சொல்வது? அவர்கள் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் முதல் வெறும் தண்ணீரை வைத்துவிடுவோம், எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

வெறும் தண்ணீரை வைத்தேன். மதியம் வந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னைக்குத் தித்திக்கலீங்க. மனசுல ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலருக்குது. பக்கத்து வீட்டுல தாளிக்கிற வாசனை வந்துச்சு. கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன்."

அப்படி அழுவதற்குக்கூட அவள் உடம்பில் தெம்பு இல்லை. கண்ணீரே சரியாக வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாள் காலையில் மறுபடியும் ஒரு கரண்டி போட்டேன்.

டாக்டர் சொன்னது

கடைசி நாள் காலையில், பாசிப்பயறு ஊற வைக்கட்டுமா என்று கேட்டேன். மறுநாள் நோன்பு முடிக்கப் பயறு வேக வைத்த தண்ணீர்தான் முதலில் கொடுப்பது.

"வேணாங்க" என்றாள். "நான் இன்னும் எட்டு நாள் இருக்கப் போறேன்."

"ஏன்?"

"தண்ணிய அமுதமா மாத்திக் குடுக்கறாரு. போதும்னு நான் எழுந்து போனா நல்லாவா இருக்கும்?"

எதற்குச் சைக்கிளை எடுத்தேன், எந்த வழியாகப் போனேன் என்று நினைவில்லை. காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்புறம், என் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் கிளினிக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடும் பேச்சுக்காரர். உலக யுத்தத்தில் பர்மா எல்லையில் ராணுவ மருத்துவராக இருந்தவர். குழித் தறியில் குனிந்தே உட்கார்ந்து வயிற்று எரிச்சலோடு வருகிற நெசவாளர்களை, "தறிய விட்டு எழுந்து வந்து சோறு துன்னுயா மொதல்ல" என்று திட்டித்தான் மருந்து கொடுப்பார்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"மூணு நாள் தாண்டினா பசி அடங்கிடும், தெரியுமா? உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கும். அதுக்கப்புறம் அவ்வளவா பசிக்காது. நீ இன்னா பண்ணே? தினம் ஒரு கரண்டி சர்க்கரையைக் காட்டி, அடங்கின பசியை எழுப்பி விட்டிருக்கே. அது அவ உயிர வளர்க்கவும் பத்தாது. பசியைக் கிளப்பறதுக்கு மட்டும்தான் பத்தும்."

தாளிக்கிற வாசனைக்கு ஆசைப்பட்டேன் என்று அவள் அழுதது எனக்கு அங்கே, அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

"இன்னும் எட்டு நாள் தாங்குவாளா சார்?"

"அவ உடம்புக்கா? கிணத்தடியில விழுந்தவளா? நான் ஜோசியம் சொல்றதில்ல." ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "பட்டினியைவிட எனக்குப் பயம் அதை முடிக்கிற சாப்பாடுதான். பர்மா பக்கம் மாசக்கணக்குல பட்டினி கெடந்தவங்க வந்தாங்க. நம்ம சிப்பாய்ப் பசங்க எரக்கப்பட்டு வயிறு நெறைய சோறு போட்டாங்க. சாப்ட்டுட்டு உக்காந்துக்கினு இருந்தவன், உக்காந்தபடியே போனான். நெஞ்சு நின்னு போச்சு. எவ்வளவு நாள் தள்ளறாளோ அவ்வளவு ஆபத்து. இன்னைக்கே நிறுத்தப் பாரு. நிறுத்தினா கரண்டி கரண்டியா பயத்தந்தண்ணி. ரெண்டு நாளைக்கு அரிசி வேணாம். பாயசம், பொங்கல் கண்ணுல காட்டாதே."

"நான் உண்மையைச் சொன்னா நிறுத்துவாளா?"

"அது உம் பொண்டாட்டி. எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். அதுதான் பயம். குளுக்கோஸ் கலந்தேன் என்று சொன்னால், நோன்பு அன்றைக்கே முறிந்துவிட்டது என்பாள். முறிந்த நோன்பு நோன்பே இல்லை. முதலிலிருந்து தொடங்குவாள். சொல்லாவிட்டால் இன்னும் எட்டு நாள் இருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் அவளுடைய அந்தக் கன்ன எலும்புதான் எதிரே நின்றது.

அவள் கேட்ட கேள்வி

சொன்னேன். பாயில் அவள் எதிரே உட்கார்ந்து, டப்பாவை எடுத்து நடுவில் வைத்துச் சொன்னேன்.

அவள் டப்பாவைத் தொடவில்லை. தெருவில் யாரோ எருமையை விரட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"நான் அழுதனே, அப்பக்கூடச் சொல்லலையே" என்றாள்.

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"அந்தப் பொம்பளைங்க எல்லாம் வந்து கும்பிட்டாங்க. குழந்தைய காலண்ட போட்டாங்க." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். வாத்தியாரா பதில் சொல்லுங்க. புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி. குளுக்கோஸ்னா அது சாப்பாடா, இல்லையா?"

"சாப்பாடு இல்ல" என்றேன். "சோறுன்னா வாயில எச்சில் படணும், வயித்துல அமிலம் படணும், குடல்ல பித்தநீர் சேரணும், ஒடைஞ்சு கரையணும். அதுக்குப் பேருதான் ஜீரணம். குளுக்கோஸுக்கு அது எதுவுமே வேணாம். ஒடையறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. தண்ணி எப்படிப் போவுதோ அப்படியே குடல் சுவர்ல பூந்து ரத்தத்துக்குப் போய்டும்."

"அப்போ நோன்பு முறியல?"

"முறியல."

"உங்க படிப்பு மேல சொல்லுங்க."

"என் படிப்பு மேல."

நான் சொன்ன ஒவ்வொரு வரியும் புத்தகத்தில் இருக்கிறது. எந்தப் பள்ளி ஆய்வாளர் வந்தாலும் மார்க் போடுவார். அத்தனையும் சேர்ந்து ஒரு பொய். சோறு ஏன் உடைகிறது? குளுக்கோஸாக ஆவதற்குத்தான். பிள்ளைகளுக்கு நான் வருடம் தவறாமல் சொல்வதே அதுதான். ஜீரணம் என்ற பெரிய வேலை முழுக்க எதற்காக நடக்கிறதோ, அதைத்தான் நான் அவளுக்கு நேராகக் கரைத்துக் கொடுத்திருந்தேன். அதைவிட முழுமையான சாப்பாடு உலகத்தில் இல்லை.

அவள் என்னை நம்பினாள். "அப்போ எட்டு நாளே போதும். அமுதமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாயசத்தோடு வந்த அத்தை

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்து உட்கார்ந்தாள். நோன்பு முடிப்பவருக்கு முதல் கரண்டியை வீட்டார் ஒருவர் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் கொடுத்தேன். பயறு வெந்த தண்ணீர், உப்புக் கூட இல்லாமல். இரண்டாவது கரண்டி. மூன்றாவது கரண்டியில் குமட்டினாள். உடம்பு முழுக்க வியர்த்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடி ஓடி நின்று, மறுபடி ஓடியது. உட்கார்ந்தபடியே போனான் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. அவள் சரிந்துவிடாமல் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். கையில் நெய் மணக்கும் பாயசப் பாத்திரம். சுநந்தாவைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"வழி விடுடா."

"அத்தை, இன்னைக்கு வேணாம்."

"இன்னாடா வேணாம்? எட்டு நாள் வயிறு காஞ்சு கெடக்கறா. பயத்தந்தண்ணிய குடுத்துக்கினு உக்காந்திருக்கே. கஞ்சன்!"

"டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரா நோன்பு இருந்தாரு?" உள்ளே எட்டிப் பார்த்து, "அடியே சுநந்தா, உம் புருஷன் சோறு போட மாட்டான்டி, எங்க வீட்டுக்கு வந்துடு" என்றாள்.

வாசல்படியில் இரண்டு கையையும் நீட்டி மறித்துக்கொண்டு நின்றேன். அத்தை பாத்திரத்தைப் படியில் நங்கென்று வைத்துவிட்டு, என்னோடு பேசமாட்டேன் என்று போனாள். தீபாவளி வரை பேசவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் சுநந்தாவின் நாடி நிதானமானது. தூங்கினாள். நான் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் குழைந்த சோறு. ஆவணி பிறந்தபோது கிணற்றில் தானே நீர் இறைத்தாள். பிழைத்துக்கொண்டாள்.

டியூஷன் பிள்ளைகள்

பல வருடம் கழிந்தது. எழுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் சிலர் சாயங்காலம் வீட்டுக்குப் பாடம் கேட்க வருவார்கள். தேர்வு நெருங்கிய ஒரு நாள் ஜீரண மண்டலத்தைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். பல நூறு முறை சொன்ன பாடம். வாய் தானாகப் பேசும்.

"சோறு, கம்பு, கேழ்வரகு, எதைத் தின்னாலும் மாவுச்சத்து கடைசியில என்னவா ஆவுது?"

"குளுக்கோஸ் சார்!"

"அதுதான் உயிரணுவுக்குச் சாப்பாடு. மத்ததெல்லாம் வழியில நடக்கற சமையல். குளுக்கோஸா வந்தாத்தான் உடம்பு அதைச் சாப்பாடுன்னே ஒத்துக்கும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர்ச் சொம்போடு சுநந்தா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. முகத்தில் ஒன்றுமே இல்லை. சொம்பைக் கீழே வைத்தாள். "குடிங்கப்பா" என்றாள். உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குச் சோறு போட்டாள். மறுநாளும் போட்டாள். என்றைக்காவது கேட்பாள் என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

ஆடி வந்தது. "எட்டு நாள் இருக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்த முறை தண்ணீரைத் தானே இறைத்தாள். தானே காய்ச்சினாள், வடிகட்டினாள். கூஜாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் நடந்தால் அவள் கண் கூஜாவுக்குப் போகும். கோபம் அதில் இல்லை. பால் பொங்குமா என்று பார்ப்பதைப் போல ஒரு பார்வை. அப்போது அவளுக்கு வயது கூடியிருந்தது, ரத்தசோகையும் இருந்தது. டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார். கிணற்றடிக்கு அவள் எழுந்து போகும்போதெல்லாம் நான் பத்தடி தள்ளிப் பின்னால் போவேன். விழுந்தால் பிடிக்க முடியாத தூரம்தான். அதைவிடக் கிட்டே போக எனக்குத் துணிவு இல்லை. என்னால் செய்யக் கூடியது ஒன்றுமே இல்லை. செய்யக் கூடாதது எது என்று தெரிந்தவனாக அந்த எட்டு நாளும் இருந்தேன்.

சுநந்தா இப்போது இல்லை. அவள் போனது அந்த நோன்பாலும் இல்லை, வயிற்றாலும் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அந்த ஆடியில் எட்டு நாளும் நிறைந்து, கோயிலுக்குப் போய் வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் கரண்டி கொடுக்க யாரைக் கூப்பிடுவாள் என்று தெரியாமல் நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். அத்தை காத்திருந்தாள். தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"நீங்க வாங்க" என்றாள் என்னைப் பார்த்து.

போய் எதிரே உட்கார்ந்தேன். கரண்டியை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல என்னா இருக்குது?" என்று கேட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"பயறும் தண்ணியும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாள்.